வேல்விழி பெயரில்

கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டிவிட்டு ஜெபக்குமார் காத்திருந்தான். பெயர் கேட்டது. வேல்விழி என்று அடித்தான். பாஸ்வேர்டு அவளுடைய மகள் பெயர். அந்தப் பனியன் கம்பெனி ஆபீசில் பாதிப் பேருக்கு அது தெரியும். டிசைன் ஃபோல்டரைத் தொடும் அனுமதி அவள் பெயருக்கு மட்டும்தான் இருந்தது. ஆளுக்கொரு லாகின் கேட்டால் தண்டச் செலவு என்பார் முதலாளி மகுடேஸ்வரன். அதனால் எல்லோரும் வேல்விழியாகவே உள்ளே போய்வந்தார்கள்.

திருப்பூர், அவிநாசி, மங்கலம் என்று மூன்று யூனிட்டிலும் சர்வர் இருந்தாலும் ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அலமாரிதான். இங்கே வைத்தால் அங்கேயும் இருக்கும், இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். ஆர்டர் கொடுக்கும் பையரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வேல்விழி கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜெபக்குமார் டீ குடிக்கப் போனான். லாக்அவுட் செய்யவில்லை. திரும்பி வந்து, வேண்டாத பழைய நகல்கள் என்று நினைத்து, அதே திரையில் ஒரு ஃபோல்டரை அழித்தான். அவன் பெயரில் இருந்திருந்தால் சிஸ்டம் முடியாது என்று மறுத்திருக்கும். வேல்விழி பெயருக்கு அது மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்தது.

அழிந்தவை ஓடிக்கொண்டிருந்த ஆர்டரின் டிசைன்கள். மங்கலத்தில் பிரிண்டிங் நின்றது. பேக்கப்பும் செலவென்று எப்போதோ நிறுத்தப்பட்டிருந்தது. வேல்விழியையும், சிஸ்டத்தைப் பார்த்துச் சொல்ல ஜெபக்குமாரையும் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்.

"சிஸ்டத்துல யாரு பேருங்க காட்டுது?"

ஜெபக்குமாருக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்த மனைவி நினைவுக்கு வந்தாள். கோவில்பட்டியிலிருந்து வேலை தேடி வந்தவனை, நம்ம ஊர்ப் பையன் என்று சொல்லி இதே அறையில் சேர்த்துவிட்டவள் வேல்விழி என்பதும் நினைவுக்கு வந்தது.

"வேல்விழி பேருதான் சார்."

பொய் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

மகுடேஸ்வரன் குரலை உயர்த்தவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நாளைலிருந்து வர வேண்டாமுங்க."

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வேல்விழி அவன் மேசைக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நாந்தான் போன்ல பேசிக்கிட்டே எதையோ அமுக்கிட்டேன் போல, தம்பி. என்னால ஒங்களையும் கூப்பிட்டு வச்சுக் கேக்கும்படி ஆயிருச்சு. மனசுல வச்சுக்கிடாதீங்க."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான்.

"பரவால்லக்கா," என்றான்.

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். ஜெபக்குமார் ஜன்னலோரம் போய் நின்றான். வேலையை விட்டு நிற்பவர்கள் பனியன் பீஸ் ஏதும் எடுத்துப்போகிறார்களா என்று கேட்டில் சோதிப்பது வழக்கம். செக்யூரிட்டி பையை ஸ்டூல் மேல் கவிழ்த்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். டிபன் பாக்ஸை அவர் தொடவில்லை. வேல்விழியே அதன் மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று சாய்த்துக் காட்டினாள்.