முக்காலிக்கு மூன்று கல்

விசாரணை அறையில் மின்விசிறி என்னவோ சுற்றியது, காற்றுதான் வரவில்லை. படக்காரருக்கு இது நான்காவது வாய்தா. முதுகு வலித்தது, கண் எரிந்தது, அந்த ஏரியின் மேலேயே ஒரு வெறுப்பு வந்திருந்தது.

வழக்கு அவர் தங்கையுடையது. ஏரிக்கரையில் குடியிருப்பவள். சாயப்பட்டறைக் கழிவு பன்னிரண்டு வருடமாகக் குழாய் வழியே ஏரியில் விழுகிறது, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை என்று புகார் கொடுத்திருந்தாள். குழாய் போட்டே ஆறு மாதம்தான் ஆகிறது என்று பட்டறைக்காரர்கள் சாதித்தார்கள். வருடம் தவறாமல் ஏரியைப் படம் எடுத்த அண்ணன் இருக்கிறான் என்று அவள் மலைபோல் நம்பினாள். பாவம்.

பட்டறை வக்கீல் பன்னிரண்டு காலண்டர்களை மேசையில் பரப்பினார். எல்லாம் இவர் எடுத்த படங்கள். விடியல், பனி, நாரை, கண்ணாடி மாதிரி தண்ணீர்.

"குழாய் எங்கங்க? புகார் கொடுத்தவங்க அண்ணன் எடுத்த படம்தான், பாருங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

தங்கை அவர் பக்கம் சாய்ந்தாள். "அண்ணே, ஓரம் வெட்டாத முழுப்படம் வீட்டுல இருக்கும்ல?"

இருந்தால்தானே! எடுத்த படத்தை வெட்டுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது, அதில் தலைகால் புரியாத பெருமை வேறு. வேண்டாததை எடுக்கும்போதே ஒதுக்கிவிடுவார். கரையில் நின்ற மரம் குழாயைச் சரியாக மறைக்கிற இடம் பார்த்து, கேமரா முக்காலியின் கால்களுக்கு மூன்று கல் பதித்து வைத்திருந்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லா வருஷமும் ஒரே இடத்துலயா நின்னு எடுத்தீங்க? ஏன்?"

மழுப்பினால், உள்ளதை உள்ளபடி எடுப்பவர் என்று வாங்கிய பேராவது மிஞ்சும். அவருக்கு எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. எழுந்தார்.

"முதல் வருஷமே மூணு கல்லு பதிச்சேங்க. ஆள் அனுப்பிப் பாருங்க, இன்னும் கிடக்கு. அங்கேருந்து ஒரு அடி தள்ளி நின்னா குழாய் தெரியும். அதனாலதான் நகரல."

அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார். தங்கையின் வழக்கு பிழைத்துவிட்டது என்று படக்காரருக்குப் புரிந்தது. உட்கார்ந்தார். தங்கை முகத்தில் சந்தோஷம் இல்லை.

"விடியக்காலையில உனக்குக் கிணத்துத் தண்ணியில டீ போட்டுக் கொண்டு வருவேனே. குடிக்காம மரத்தடியில ஊத்துவியே. அப்பவே தெரியுமா அண்ணே?"

"தெரியும்மா."

"நாங்க குடிச்சோமே," என்றாள்.