பட்டாணிக்குப் பழக்கிய சத்தம்

பட்டாணிக்கு எந்த நாயின் மேலும் கோபம் கிடையாது. பிரச்சினையே அதுதான். கோபக்கார நாயென்றால் வாய்க்கூடு மாட்டிக் கூட்டிப் போய்விடலாம். இது பாசக்காரன். தெருமுனையில் ஒரு வால் தெரிந்தால் போதும், காணாமல்போன தம்பியைக் கண்டதுபோல் பாயும். அந்த நாய்க்கு விருப்பம் உண்டா என்றெல்லாம் பார்க்காது. மேலே விழும், நக்கும், கடி வாங்கும், மறுநாள் அதே நாயிடம் அதே மாதிரி போகும். எடை முப்பத்தைந்து கிலோ. வாரைப் பிடித்திருப்பவர் பாடுதான் பெரும்பாடு.

அப்படித்தான் ஜனவரியில் என் வீட்டுக்காரர் மாடக்கண்ணு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். பனிமலையில் ஒன்றும் ஆகாத மனிதர், மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஒரு சொறிநாயை விசாரிக்கப் போன பட்டாணியால் சாக்கடை ஓரம் குப்புற விழுந்தார். கை வலியைவிட அந்த அவமானம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

"ஏட்டி அனுசியா, இது சரிப்படாது. ராயகிரில அண்ணன் தோட்டத்துல கொண்டு விட்டுருவோம். மோட்டார் ரூம்கிட்ட கட்டிப் போடட்டும்" என்றார், மாவுக்கட்டோடு.

"சங்கிலிலயா?"

"பின்ன, மெத்தை போட்டா படுக்க வைப்பாங்க?"

அவர் அண்ணன் மணிமுத்து வைத்திருந்த பழைய நாயை எனக்குத் தெரியும். ஆறு வருடம் ஒரே வேப்பமரம், ஒரே சங்கிலி. சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு மண்ணில் வட்டமாகத் தடம் விழுந்து கிடக்கும். மணிமுத்து அத்தான் கெட்டவர் இல்லை, நேரத்துக்குச் சோறு வைப்பார். ஆனால் அவருக்கு நாய் என்றால் காவல், அதோடு சரி.

எனக்குப் பட்டாணி வீட்டில் வேண்டும். நான் போலீஸ் ஏட்டு. நாள் முழுக்க யார் யாரிடமோ கத்திவிட்டு, என்னையே எனக்குப் பிடிக்காமல் வீடு திரும்புகிறபோது, காக்கிச் சட்டையைக் கண்டு சந்தோஷப்படுகிற ஒரே உயிர் அது. அதை வேப்பமரத்தில் கட்டிவிட்டு என்னால் சோறு தின்ன முடியாது.

"குற்றாலத்துல சீசன் ஆரம்பிக்க வரைக்கும் டைம் குடுங்க. நான் பழக்குதேன். அப்பவும் மாறலன்னா நானே கொண்டு விடுதேன்" என்றேன்.

தென்காசியில் மாட்டு டாக்டர் அகிலாண்டேஸ்வரி நாய்களையும் பார்ப்பார். அவர் வழி சொன்னார். மற்ற நாய்களைப் பார்க்க முடிகிற, ஆனால் இழுக்கத் தோன்றாத தூரத்தில் முதலில் நிறுத்த வேண்டும். அங்கே சும்மா இருந்தால் தின்னக் கொடுக்க வேண்டும். பிறகு நாளுக்கு நாள் தூரத்தைக் குறைக்க வேண்டும்.

"கூடவே ஒரு சத்தம் பழக்குங்க. அதக் கேட்டா எந்த நாயா இருந்தாலும் விட்டுட்டு, சத்தம் வந்த இடத்துக்குப் போயி உக்காரணும். வேற யாரும் அந்தச் சத்தம் போடாமப் பாத்துக்கிடுங்க" என்றார்.

நன்றாகக் கேட்டுக்கொண்டேன். தலையைக்கூட ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் யூனிஃபார்ம் தோளில் தொங்கிய விசிலைக் கழற்றி வீட்டுக்காரரிடம் காட்டி, "இத நீங்க தொடவே கூடாது, சொல்லிட்டேன்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். பதினெட்டு வருடமாக என் வாயில் இருக்கிற பொருள். வேறு எந்தச் சத்தமும் எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரியில் குற்றாலம் யாருக்கும் வேண்டாத ஊர். அருவிப் பாறை வெள்ளைவெளேர் என்று காய்ந்து கிடக்கும். சிப்ஸ் கடைகளுக்குத் தார்ப்பாய் மூடியிருப்பார்கள். மிச்சமிருப்பது நாய்கள்தான். சீசனில் புரோட்டா தின்று கொழுத்தவை, விலா எலும்பு தெரிய கார் ஸ்டாண்டில் சுருண்டு படுத்திருக்கும். டூட்டிக்கு முன்னால் தினமும் காலை ஆறு மணிக்கு பட்டாணியை அங்கே கூட்டிப் போனேன். கையில் அவித்த கோழி ஈரல், வாயில் விசில்.

முதல் வாரம் நூறு அடி தூரம். பட்டாணி நாய்களைப் பார்த்து ஊளையிட்டது, குதித்தது, வாரைக் கடித்தது. ஊதினேன், ஈரலைக் காட்டினேன். என்னைத் திரும்பிப் பார்க்கவே ஒன்பது நாள் ஆனது. மார்ச்சில் ஐம்பது அடி. நடுவில் ஒருநாள் எல்லாவற்றையும் மறந்து என்னைத் தரையோடு இழுத்துப் போய், தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழட்டு நாயின் மேல் விழுந்தது. மறுபடி நூறு அடியிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்டேஷனில் என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்து, "எந்தத் திருடன் ஏட்டம்மா?" என்று கேட்டார்கள்.

மே கடைசியில் ஒருநாள், அதே கிழட்டு நாய் தானாக எழுந்து வந்து பட்டாணியின் மூக்கை மோந்தது. பட்டாணி உடம்பெல்லாம் நடுங்க நின்றது. நான் நாலு எட்டு பின்னால் போய் மெதுவாக ஊதினேன். அது திரும்பியது. ஓடி வந்து என் காலடியில் நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைப் பார்த்தது. நான் கார் ஸ்டாண்ட் நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஜூனில் சாரல் விழுந்தது, அருவியில் தண்ணீர் கொட்டியது, ஊரே கூடியது. என் வார ஓய்வு ஞாயிறாக வந்தது. "வாங்க, வந்து பாருங்க" என்று வீட்டுக்காரரை அழைத்துப் போனேன். கூட்டத்துக்கு நடுவே, நாய்களுக்கு நடுவே, பட்டாணி இழுக்காமல் நடந்தால் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் ராயகிரி. அதுதான் பேச்சு.

புரோட்டாக் கடை வாசலில் மூன்று நாய்கள் எலும்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பட்டாணி பார்த்தது. வால் ஆடியது. வார் தொய்வாகவே இருந்தது. தாண்டி நடந்தது! வீட்டுக்காரர் நின்றேவிட்டார்.

"எம்மா! நம்ம பட்டாணியா இது?"

நான் பதில் சொல்வதற்குள் அருவிப் பக்கமிருந்து விசில் கேட்டது.

குளித்தவர்களை வெளியே அனுப்பி, காத்திருப்பவர்களை உள்ளே விட பந்தோபஸ்துப் போலீஸ் ஊதுகிற விசில். சீசன் முழுக்க, காலையிலிருந்து ராத்திரி வரை ஊதுவோம். நானே எத்தனை ஆயிரம் தடவை ஊதியிருப்பேன்! பழகிப் பழகி அது என் காதில் விழுவதே இல்லை. பட்டாணியின் காதில் விழுந்தது.

சாரலில் நனைந்த வார் என் கையிலிருந்து நழுவிப் போனது. பட்டாணி கூட்டத்தின் கால்களுக்குள் புகுந்து ஓடியது. நான் பின்னால் ஓடினேன். பெண்கள் பக்கம் வரிசையை ஒழுங்குபடுத்த நின்ற கான்ஸ்டபிள் ஆதித்தனின் காலடியில் போய், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்தது. எவ்வளவு அழகாக உட்கார்ந்தது! ஆதித்தன் மிரண்டுபோய் அதை விரட்ட இன்னும் பலமாக ஊதினான். அது இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நாய்! நாய் வந்துட்டு!" என்று யாரோ அலறினார்கள். ஈரத் துணியோடு பெண்கள் பாறையில் வழுக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு அம்மாவுக்கு முழங்காலில் ரத்தம். ஆண்கள் பக்கம் விசில் கேட்டது. பட்டாணி அங்கே ஓடி, அங்கே நின்ற போலீஸ்காரர் முன்னால் உட்கார்ந்தது. மறுபடி ஆதித்தன் ஊத, மறுபடி இங்கே.

பையிலிருந்து என் விசிலை எடுத்து உயிரைக் கொடுத்து ஊதினேன். அது இன்னொரு தப்பு. ஒருவர் பதறி ஊதினால் மற்றவர்களும் எடுத்து ஊதுவது எங்கள் பழக்கம். அங்கே என்னவோ நெருக்கடி என்று அர்த்தம். நாலு பக்கமும் விசில் கிளம்பியது. நடுவில் பட்டாணி சுற்றிச் சுற்றித் திரும்பியது. எந்த விசில் என்னுடையது என்று அதற்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை.

"ஆதித்தா, ஊதாதல! நிறுத்து!" என்று கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. லத்தியை ஓங்கினான். பட்டாணி அந்த லத்தியை ஆசையோடு அண்ணாந்து பார்த்தது. ஈரல் வரும் என்று நினைத்திருக்கும். அடி முதுகில் விழுந்தது. கத்தியது, ஆனால் ஓடவில்லை. அவன் வாயில்தான் விசில் இருந்ததே.

வீட்டுக்காரர்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டோவில் ஏறினோம். பிறகு அதன் முதுகைத் தடவிக்கொண்டே, "நாய்ங்ககிட்ட ஒழுங்காத்தான நடந்துச்சு? நீ சொன்னதச் செஞ்சிட்ட. வீட்டுலயே இருக்கட்டும்டி" என்றார்.

அந்த வார்த்தைக்காக ஐந்து மாதம் காத்திருந்தேன். மேலகரம் திருப்பத்தில் டிராஃபிக் போலீஸ் ஊதினார். வேன்களுக்கும் பஸ்களுக்கும் நடுவில் பட்டாணி ஆட்டோவை விட்டுக் குதிக்கப் பார்த்தது. இருவரும் சேர்ந்து அழுத்திப் பிடித்தோம். ஆகஸ்டில் சீசன் முடிகிற வரை எங்கள் தெருமுனையில் காலை முதல் அந்த விசில்தான்.

டாக்டருக்கு ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"பழக்குனத மறக்க வைக்கிறது பழக்குறதவிடக் கஷ்டம்மா. அந்தச் சத்தம் கேக்காத இடமா பாத்து வைங்க. மறக்கும். எப்பம்னு சொல்ல முடியாது."

"ராயகிரிக்கே கொண்டு போவோம்" என்றேன். நான்தான் சொன்னேன்.

மணிமுத்து அத்தான் வேப்பமரத்தில் சங்கிலியை மாட்டிக்கொண்டே, "நல்ல நாயாத்தான் தெரியுது. சொன்ன பேச்சு கேக்குமா?" என்று கேட்டார்.

"கேக்கும் அத்தான். யாரு சொன்னாலும் கேக்கும்."

திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். பட்டாணி ஊளையிடவில்லை, உட்கார்ந்துதான் இருந்தது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

அடுத்த ஞாயிறு எனக்கு அருவியில் டூட்டி. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதிக் கூட்டத்தை மாற்றிவிட வேண்டும். ஊதினேன். ஊதியதும் என் காலடியைக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன்.

"என்னக்கா, எதைத் தேடுதிய?" என்று கேட்டான் ஆதித்தன்.

"ஒண்ணுமில்ல, பாறை வழுக்குது" என்றேன். நேரமாகிவிட்டது. மறுபடி ஊதினேன்.