இடப்பக்கம் பாயும் முத்திரை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியிலிருந்து அந்தக் கிளைத் தபால் நிலையத்தின் முத்திரை தேதியைப் பதிக்கவில்லை. இடப்பக்கம் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் ஒரு பெண் கோல்கீப்பரைப் பதித்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பெண் ஒருத்தி அதற்குச் சற்று முன்புதான் அங்கே கையெழுத்துப் போட மறுத்துவிட்டு வெளியேறியிருந்தாள்.

அவளுடைய அக்கா ஒரு காலத்தில் பெரிய கால்பந்து கிளப் ஒன்றின் கோல்கீப்பர். ஆண்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தைப் பெண்களுக்கும் கொடு என்று கேட்டதற்காக கிளப் அவளை நீக்கியது; குழுப் புகைப்படங்களிலிருந்து வெட்டியது; அவள் படம் போட்ட விளையாட்டு அட்டைகளையெல்லாம் கடைகளிலிருந்து திரும்ப வாங்கிக் கொளுத்தியது. தப்பியது தங்கையிடம் இருந்த ஒன்றே ஒன்று. சேகரிப்பாளர்கள் அதற்கு ஒரு வீட்டின் விலை சொன்னார்கள். தங்கை விற்கவில்லை. அக்கா ஆடினாள் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு கண்காட்சிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அது போய்ச் சேரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை தபால் அதிகாரி படிவத்தை நீட்டினார். “தொலைஞ்சு போச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. இழப்பீடு வந்துடும்.”

“தொலைச்சது நீங்க, கையெழுத்து நானா? தேடுங்க சார்.”

முத்திரையை மாற்றினார்கள், மையை மாற்றினார்கள், இரண்டு முறை அதிகாரியையே மாற்றினார்கள். கோல்கீப்பர் மாறவில்லை. கல்யாணப் பத்திரிகையிலும் வக்கீல் நோட்டீசிலும் பாய்ந்தாள். கிளப் ஆயிரக்கணக்கில் அனுப்பும் சீசன் டிக்கெட்டுகளும் அந்தக் கிளை வழியாகத்தான் போக வேண்டும்; ஒவ்வொரு உறையிலும் அவள். யார் இது என்று ரசிகர்கள் கேட்கத் தொடங்கினார்கள், தெரிந்தவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். கிளப் கொதித்துப்போய் எழுதிய புகாரும் அவளைச் சுமந்துகொண்டே தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தது. தங்கை வாரம் ஒருமுறை மதிய இடைவேளையில் வருவாள், “கிடைச்சுதா?” என்பாள், நீட்டிய படிவத்தைத் தொடாமல் திரும்புவாள். இப்படி ஆறு வருடம்.

ஏழாம் வருடம் அக்காவும் கூட வந்தாள். இப்போது பஸ் ஓட்டுகிறாள். சீருடையோடு வரிசையில் நின்று, ஈரம் காயாத ஓர் உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கை ரெண்டு விரல் தாழ இருக்கு. இப்படிப் பாஞ்சா கோல்தான்.”

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்றாள் தங்கை.

அடுத்த திங்கட்கிழமை முதல் கை இரண்டு விரல் உயர்ந்திருந்தது. தபால் துறை தன் முத்திரை மாதிரிப் புத்தகத்தை அதற்கேற்பத் திருத்தி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பியது.