ஓடுபாதைக் கிணறு

பிலா இலையைக் கரண்டிபோல் கோட்டி, ஈர்க்கில் குத்தி, கஞ்சித் தெளிவை மொண்டு ரசலையனின் வாயருகே கொண்டுபோனாள் பூங்கனி. உதடு திறக்கவில்லை. தெளிவு தாடையில் வழிந்து கழுத்துக் குழியில் தேங்கியது. முந்தானையால் துடைத்தாள்.

"ஒரு வாய் குடியுங்கோ. நேத்து உச்சை முதல் வயித்துல ஒண்ணும் இல்லல்லா."

புருஷன் கண்ணைத் திறந்தான். "எத்தர பேருட்டி?"

"எதுல?"

"அந்தப் பிளேன்ல."

"நாலு பேரு. காலம்பறயும் கேட்டிய, சொன்னேன்லா."

"நாலு பேரு" என்று அவன் திருப்பிச் சொன்னான். அதற்குமேல் மூச்சு இடம் தரவில்லை. பாறை உடைத்த தூசி நெஞ்சுக்குள் இறங்கி இரண்டு வருஷம். ஆஸ்பத்திரிக்காரர்கள் போன வாரமே வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

முற்றத்தில் தென்னமட்டையைக் கீறிக்கொண்டிருந்த கொழுந்தன் ஞானையன் தலையை நீட்டினான்.

"பாத்தியளா மைனி! சாவக் கெடக்கும்போளும் அண்ணனுக்குப் பிளேன் பைத்தியம் விடல்ல. எனக்க கல்யாணத்துக்குக் கூட இப்படிக் கேட்டு வரல்ல இவன்."

"வாய வச்சிட்டுச் சும்மா இரி, ஞானையா."

"நான் என்னத்தச் சொல்லிட்டேன்? வடக்க வேலைக்குப் போனவன் எல்லாம் காசு கொண்டாந்தான். இவன் பிளேனக் கொண்டாந்தான்."

அவன் அழாமலிருக்கத்தான் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரியும். வேறொன்றும் அவனுக்குத் தெரியாது. அவன் அந்த வேலைக்கு வரவில்லை.

நாற்பத்தொன்பதாம் வருஷம், கோயம்புத்தூருக்கும் வடக்கே, சண்டைக் காலத்து ஓடுபாதையை நீட்டும் வேலை. பத்மநாபபுரம் பக்கத்திலிருந்து எட்டு குடும்பம் போயிற்று. ரசலையன் கொத்துக்காரன். நீட்டுகிற இடத்தில் ஒரு பழைய கிணறு கிடந்தது. அதைத் தூர்த்து மேலே கல் பாவி, தார் ஊற்ற வேண்டும். அந்தப் பொறுப்பை ரசலையனிடம் விட்டார்கள்.

கிணற்றை மூடுகிறவன் அதற்கு மூச்சு விட வேண்டும். கணு துளைத்த மூங்கிலை நட்டு, அதைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண்ணை இடிக்காமல் பொலபொலவென்று விட வேண்டும். மூச்சு விடாமல் மூடினால் மூடினவன் வீட்டில் ஒரு மூச்சு நிற்கும். ரசலையனின் அப்பன் அப்படித்தான் செய்தான், அவனுக்கு அப்பனும். மூன்று தலைமுறையாக ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற குடும்பந்தான். கிணற்றுக் காரியத்தில் சபை தலையிடுவதில்லை. எஞ்சினியர் சாப்பிடப் போன நேரத்தில் ரசலையன் மூங்கிலை நட்டான். மேலே ஒரு சாண் சரல் போட்டு மறைத்தான்.

அன்று சாயங்காலந்தான் பூங்கனி குண்டு விமானம் புறப்படுவதை முதன்முதலாகப் பக்கத்திலிருந்து பார்த்தாள். தூரத்து மூலையில் முதலில் ஒரு விசிறி சுற்றியது. பிறகு இன்னொன்று. நாலும் சுற்றிப் புகை கக்கின. சினைமாடு மாதிரி அடிவயிறு தாழ்ந்து, அசைந்து அசைந்து பழைய பாதையில் உருண்டு வந்தது. முனையில் திரும்பி நின்று, நின்ற இடத்திலேயே அலறியது. காய்ந்த புல் தரையோடு படுத்தது. குடிசைக் கூரையில் இரண்டு ஓலை பறந்துபோயின. இடுப்பிலிருந்த குழந்தை நேசம் வீரிட்டாள். பிறகு அது ஓடத் தொடங்கிற்று. கால் வழியாகத் தரை நடுங்கி அவள் பல்லில் வந்து முட்டிற்று. அவள் சக்கரத்தைத்தான் பார்த்தாள். ஆள் உயரச் சக்கரம். அது அந்தப் பொலபொலத்த மண்ணில் ஏறினால்?

அதற்குள் ஆட்கள் இருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் தலையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. உச்சைக்கு ஆண்கள் நிழல் பார்த்துப் படுத்த நேரத்தில் பூங்கனி சரலை விலக்கினாள். மூங்கிலை அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். பொலபொலத்த மண்ணை வாரியெடுத்துவிட்டு, கூடை கூடையாகக் கல் சுமந்து கொட்டி, திம்சுக்கட்டையால் இடித்தாள். பழையபடி சரலை மூடினாள். மூங்கில் அடுப்புக்குப் போயிற்று. புதன்கிழமை கல் பாவித் தார் ஊற்றினார்கள். வியாழக்கிழமை நேசத்துக்குக் காய்ச்சல். சனிக்கிழமை விடியற்காலம் பிள்ளை செத்துப்போயிற்று.

வேலிக்கு வெளியே குழி தோண்டிப் பிள்ளையைப் புதைக்கும்போது ரசலையன் மாரில் அடித்துக்கொண்டான். "மூச்சு விட்டேனே, கெணத்துக்கு மூச்சு விட்டேனே. பொறவும் எம்பிள்ளைய எடுத்துட்டுதே."

பூங்கனியின் வாய் அன்றைக்கு அடைத்தது.

அதன்பிறகு ஒரு விமானம் அவன் பார்க்காமல் கிளம்பியதில்லை. விசிறிச் சத்தம் கேட்டதும் சம்மட்டியைப் போட்டுவிட்டு முள்வேலிக்கு ஓடுவான். கூட்டாளிகள் சிரித்தார்கள். அவன் விமானத்தைப் பார்க்கவில்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த மூன்றாவது கல்லுக்கு நேராகத் தரையைப் பார்த்து நிற்பான். சக்கரம் அதைத் தாண்டும்வரை மூச்சு விடமாட்டான். தாண்டிய பிறகு முள்கம்பியை விட்ட கையில் ரத்தம் இருக்கும்.

மூன்றாம் மாதம் ஒரு விமானம் அந்த இடத்தைத் தாண்டி எழும்பி, ஒரு பக்கமாகச் சரிந்து, அப்பாலிருந்த சோளக்காட்டில் நாலு பேரோடு விழுந்து எரிந்தது. சக்கரம் அங்கே ஒரு விரற்கடைகூடப் புதையவில்லை. பூங்கனி கண்ணால் கண்டாள். அவனோ அந்த நொடியில் கண்ணை மூடியிருந்தான். அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மூங்கிலைப் பிடுங்கியதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளையைக் கொன்றது யாரென்று அவனுக்குத் தெரிந்துபோகும். ஆறு வருஷம் போயிற்று. வேறு பிள்ளை தரிக்கவுமில்லை. ஆகாயத்தில் சத்தம் கேட்டால் ஊர் மேலே பார்க்கும். அவன் தரையைப் பார்ப்பான்.

பத்து மணிவாக்கில் உபதேசியார் வேதப்புத்தகத்தோடு வந்தார். பாயோரம் குந்தினார்.

"ரசலையா, ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ண என்னமும் உண்டுமா? மனசுல இருக்கத இறக்கி வச்சிரு மக்கா."

"கெணறு" என்றான் ரசலையன். "நாலு பேரு."

உபதேசியார் புரிந்ததுபோல் தலையாட்டினார். சமாரியா நாட்டுக் கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்ட அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசித்தார். ரசலையனின் கண் கூரையில் அங்குமிங்கும் அலைந்தது. கண்ணோரத்தில் நீர் வழிந்தது. "வசனம் உள்ள போவுது" என்றார் உபதேசியார், ஞானையனிடம்.

பூங்கனியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"உபதேசியாரே, செத்த வெளிய இரியுங்கோ. ஞானையா, நீயும் போ. துணி மாத்தணும்."

கதவைச் சாத்தினாள். துணி எடுக்கவில்லை. அவன் காதோரம் முட்டுக்குத்தி உட்கார்ந்தாள்.

"இஞ்ச கேளுங்கோ. அந்த மூங்கில் அங்க இல்ல. நான் புடுங்கிட்டேன். கல்லு போட்டு இடிச்சிட்டேன். சக்கரம் தாழல்ல. நான் பாத்தேன். பிளேன் விழுந்தது உங்களால இல்ல. கேக்குதா?"

அவன் மூச்சிழுப்பு நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு மறுபடியும் தொடங்கிற்று. அவன் முகத்தைத் திருப்ப முயன்றான். அவள் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டாள். கண் தெளிவாக இருந்தது, பல நாளாக இல்லாத தெளிவு.

"என்னைக்கு?"

அவன் எதை எண்ணுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. செவ்வாய், புதன், வியாழன். வெளியே ஞானையன் மட்டை கீறும் சத்தம் கேட்டது.

"பிள்ள போன பொறவு" என்றாள். "அடுத்த வாரம்."

"பொறவா?"

"பொறவுதான்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த வாரம் அங்கே கல்லும் தாரும் இறுகிக் கிடந்தன. அதற்கடியில் மூங்கிலைப் பிடுங்க யாராலும் முடியாது. தார் ஊற்றியவனே அவன்தான். இனி என்ன சொன்னாலும் பொய்யின் மேல் பொய்தான்.

ரசலையன் அவள் கையைத் தேடினான். கிடைத்தது மணிக்கட்டு. அதைப் பிடித்துக்கொண்டான். காய்ப்பு மாறாத உள்ளங்கை, தடவிப் பார்க்கிற மாதிரி மெல்ல நகர்ந்தது.

"ஒத்தைக்கா சுமந்த?"

"ம்."

"எத்தர கூடை?"

"இருவத்தேழு."

"உச்ச வெயில்லயா?"

அவள் தலையை ஆட்டினாள். அவனும் ஆட்டினான், அல்லது மூச்சு அப்படி ஆட்டிற்று. "செரி" என்றான். "செரிட்டி."

பூங்கனி தண்ணீரால் அவன் வாயை நனைத்தாள். இரண்டு சொட்டு உள்ளே இறங்கிற்று. மணிக்கட்டிலிருந்த பிடி கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்ந்து, விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவள் கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து கதவைத் திறந்தாள்.

ஞானையன் அவள் முகத்தைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டான். உள்ளே ஓடி அண்ணன் காலில் விழுந்தான். கொஞ்சம் கழித்து, சளியைச் சிந்திக்கொண்டு கேட்டான். "கடைசியா என்னமும் சொன்னானா மைனி?"

"ஒண்ணும் சொல்லல்ல."

சபையில் மணி அடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு, வயசு எண்ணி, நாற்பத்தொன்று. ஆட்கள் சேர்ந்தார்கள். பெட்டிக்கு அளவெடுக்கத் தச்சன் வந்தான். உபதேசியார் சாயங்காலம் ஐந்துக்கு அடக்கம் என்று அறிவித்தார். ஆண்கள் குளிப்பாட்டத் தயாராகி வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அடுத்த வீட்டு வியாகுலம்மாள் தண்ணீர் சுமக்க ஆள் தேடி முற்றத்தில் நின்று கூப்பிட்டாள்.

பூங்கனி எழுந்துபோய் அடுக்களையிலிருந்து பெரிய செப்புக்குடத்தை எடுத்தாள்.

"ஏட்டி, நீ இரி. நாங்க இத்தர பேரு இல்லியா? நிக்கதுக்கே பெலன் இல்ல ஒனக்கு, இங்க கொண்டா" என்று வியாகுலம்மாள் குடத்தின் கழுத்தைப் பிடித்தாள். இன்னொருத்தியும் வந்து பிடித்தாள்.

"விடுங்கோ."

"மக்கா, சொன்னாக் கேளு..."

"நான் தூக்குவேன்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். வாய்க்காலில் இறங்கிக் குடத்தை முக்கி நிறைத்தாள். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, தானே தலைக்கு ஏற்றினாள். வரப்பில் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. கழுத்து நிமிர்ந்து, கையால் பிடிக்காமல், ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்து வந்தாள்.