சனிக்கிழமை நாலு நம்பர்

உடையப்பனுக்கு இந்த உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. வாங்கிய மிளகாய்த்தூளை முகர்ந்து பார்ப்பார். வந்து இறங்கிய அரிசி மூட்டையைத் தட்டிப் பார்ப்பார். யாராவது சும்மா சிரித்தால்கூட, "எதுக்கு சிரிக்கிறான்?" என்று அன்று முழுக்க யோசிப்பார். சந்தேகம் அவருக்கு வியாதி இல்லை. வெற்றிலை பாக்கு மாதிரி, வாயில் எப்போதும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

ஈஜோக் சாலையில், சுங்கை லீமாவ் தோட்டத்துக்குத் திரும்புகிற முச்சந்தியில் அவருடைய மளிகைக் கடை. தோட்டத்துக் கணக்கர் கிராணியாரின் ஆபீசை விட்டால் அந்த வட்டாரத்தில் டெலிபோன் இருந்தது அங்கேதான். எவருக்குப் போன் வந்தாலும் யார், எங்கிருந்து, என்ன விஷயம் என்று மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகுதான் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஆள் அனுப்புவார்.

எண்பத்தாறாம் ஆண்டு கடைசியில், கல்லூரி நீண்ட விடுமுறையில் லீலாவதி வீட்டுக்கு வந்தாள். தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் பாலகிருஷ்ணனின் மகள். கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தவள். அவள் வந்த வாரமே, சனிக்கிழமை காலை போன் மணி அடித்தது.

"லீலாவதி நிக்கிறாவோ?" யாழ்ப்பாணப் பேச்சு. வயதான பெண் குரல்.

"யாரு பேசறது?"

"தங்கரத்தினம் எண்டு சொல்லுங்கோ. அவவுக்குத் தெரியும்."

"என்னா விஷயமா?"

"அவவோட கதைக்கத்தான்."

கதைப்பதற்காக ஒருத்தி கோலாலம்பூரிலிருந்து காசு செலவழித்துக் கூப்பிடுவாளா? உடையப்பனின் மூக்கு விடைத்தது.

அவருக்குத் தெரியாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால், துணி எடுக்கத் தங்கையை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள் லீலாவதி. கடைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வளைவில் செம்பனைக் குலை ஏற்றிய வெளியூர் லோரி ஒன்று எதிரே வந்தது. தங்கை அங்கேயே போய்விட்டாள். இவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. இதுவரை ஊருக்கே தெரியும். வீட்டில் யாரும் இவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதது எல்லாவற்றையும் இவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். கல்லூரிக்குத் திரும்பிய பிறகு சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அங்கிருந்த ஓர் ஆசிரியைதான் மனநல ஆலோசனை சொல்லும் மிஸ் தங்கரத்தினத்திடம் அழைத்துப் போனார். விடுதியை மூடுகிற காலத்தில் அந்த அம்மா, "நீ அங்க தனிய கிடந்து யோசிக்கக் கூடாது பிள்ளை. சனிக்கிழமை தவறாமல் நான் எடுப்பன்" என்று சொல்லி அனுப்பினார். பெற்றவர்களுக்கு இது தெரியும். வெளியே, "காலேஜ் டீச்சர் பேசறாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். மனநலம் என்று வாய் திறந்தால் தோட்டம் அதைப் பைத்தியம் என்றுதான் கேட்கும். ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்கு அந்தப் பெண் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு போன் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான்.

உடையப்பனோ பருப்பு மூட்டைக்குப் பின்னால் குனிந்து, எதையோ தேடுகிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

லீலாவதி அதிகம் பேசவில்லை. முதலில் நான்கு எண்கள் சொன்னாள். "ரெண்டு... மூணு... ஒண்ணு... மூணு." பிறகு "ம்", "ம்" என்று கேட்டாள். பிறகு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. "மூணு... மூணு... ரெண்டு... நாலு." மறுபடி அழுகை.

நாலு எண். சனிக்கிழமை. மத்தியானம் நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல். இதற்குமேல் உடையப்பனுக்கு விளக்கம் வேண்டுமா? யாழ்ப்பாணத்து அம்மா மை போட்டுப் பார்க்கிறவளாக இருக்க வேண்டும். அழுகையா? அருள் இறங்கினால் யார்தான் அழமாட்டார்கள்! மண்டோர் குடும்பம் கமுக்கமாக நம்பர் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறது; ஊருக்கு மூச்சு விடவில்லை. "பாலகிருஷ்ணன் எலிய முழுங்கின பூனை மாதிரி இருக்கும்போதே நெனச்சேன்" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் சொன்னது நாலு, அஞ்சு, மூணு, அஞ்சு. எண்கள் ஏறுமுகமாக இருப்பதைக் கவனித்து, சாமிக்குக் கருணை கூடுகிறது என்று முடிவு செய்தார். கோலசிலாங்கூருக்குப் போகிறவனிடம் சொல்லி அந்த நம்பரை எடுத்தார். சின்னப் பரிசு ஒன்று விழுந்தது.

விழாமல் இருந்திருக்கலாம். சந்தேகக்காரனுக்குத் தன் சந்தேகம் பலித்துவிட்டால் அப்புறம் அவனைப் பிடிக்க முடியாது. லோரி ஓட்டும் தங்கராஜுவிடம் மட்டும், "மாரியாத்தா மேல ஆணையா யாருகிட்டயும் சொல்லாத" என்று சொன்னார். தங்கராஜுவும் அதையே சொல்லி எல்லாரிடமும் சொன்னான்.

நான்காவது சனிக்கிழமை காலையில் கடைக்குள் கூட்டம் கொள்ளவில்லை. பால்மரம் சீவிவிட்டு உடை மாற்றாமல் வந்தவர்கள், கைப்பிள்ளையோடு வந்தவர்கள், காதில் பென்சில் செருகியவர்கள். தங்கராஜுவின் மனைவி ஒரு தட்டில் வெற்றிலை, பழம், எலுமிச்சை வைத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கற்பூரம் ஏற்றப் போனவளை, மண்ணெண்ணெய் டின்னைக் காட்டித் தடுத்தார் உடையப்பன்.

லீலாவதி வாசலில் வந்து நின்றாள். கூட்டம் விலகி வழி விட்டது. மணி அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லு தங்கச்சி, பின்னால கேக்கல லா!" என்று தங்கராஜு குரல் கொடுத்தான்.

அவள் தட்டைப் பார்த்தாள். காதில் இருந்த பென்சில்களைப் பார்த்தாள். கடைசியில் பருப்பு மூட்டையையும், அதற்குப் பக்கத்தில் நின்ற உடையப்பனையும் பார்த்தாள். இத்தனை வாரமும் யார் கேட்டுக்கொண்டிருந்தது என்று அவளுக்குப் புரிந்துபோனது. முகத்தில் கோபம்கூட வரவில்லை.

"கோசோங்," என்றாள் போனில், எல்லாருக்கும் கேட்கும்படி. "கோசோங். கோசோங். கோசோங்."

போனை வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

"நாலும் சைபர் முட்டையா? அந்த நம்பர கடையில எடுப்பானா?" என்று கேட்டுக்கொண்டே கூட்டம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியது. உடையப்பன் மட்டும் ஓடவில்லை. நிஜ நம்பரை மறைத்துவிட்டு ஊரை ஏமாற்றுகிறாள் என்று அவருக்குப் பட்டது. அந்த நேரம் போன் மறுபடி அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"அம்மா, நான் கடைக்காரன். அந்தப் பொண்ணு பொய் சொல்லுது. நிஜ நம்பர எங்கிட்டயே சொல்லுங்க, விழுந்தா பாதி உங்களுக்கு!"

"என்ன நம்பர்?"

"சனிக்கிழமை சனிக்கிழமை குடுப்பீங்களே, நாலு நம்பர்!"

அந்தப் பக்கத்துக் குரல் மாறி வந்தது.

"ஐயா, கவனமாக் கேளுங்கோ. இதை நான் வெளியாக்களுக்குச் சொல்லக் கூடாது. ஆனா இப்ப வேற வழியில்லை. நம்பர் குடுக்கிறது நானில்லை. கேக்கிறதுதான் நான். பத்துக்கு எவ்வளவு எண்டு நாலு கேள்வி. நித்திரை எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, வெளிய போற தைரியம் எவ்வளவு. நாலாவது, உயிரோட இருக்க ஆசை எவ்வளவு."

உடையப்பனுக்கு அந்த எண்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஏறுமுகம், ஏறுமுகம் என்று அவர் குதித்தது எதைப் பார்த்து என்று இப்போது விளங்கியது.

"பிள்ளை எங்க?"

"வெளில போச்சும்மா..."

"கெதியா ஓடுங்கோ. தனிய விடாதேங்கோ. நான் போன வைக்கேல்லை."

கல்லாப்பெட்டி திறந்து கிடந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடினார். லயத்துப் பக்கம் அவள் இல்லை. தங்கை இறந்த இடத்துக்கு ஓடினார்.

வளைவில், சாலை ஓரத்துச் சின்னப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். லோரிகள் போய்க்கொண்டிருந்தன. உடையப்பன் மூச்சு வாங்கியபடி போய் அவளுக்கும் சாலைக்கும் நடுவில் நின்றார்.

"என்னாண்ணே, கோசோங் பிடிக்கலியா? வேற நம்பர் வேணுமா?"

"வேணாம்மா." கையெடுத்துக் கும்பிட்டார். "தப்புப் பண்ணிட்டேன். எனக்குத் தெரியாது லீலா. சத்தியமாத் தெரியாது."

அவள் அடுத்து வந்த லோரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா இன்னும் போன வைக்கல. உனக்காக லைன்லயே இருக்காங்க."

"எல்லாரும் கேப்பாங்க."

"ஒருத்தன் இருக்க மாட்டான். நானும் வெளில நிக்கிறேன். வாம்மா."

நெடுநேரம் கழித்துத்தான் எழுந்தாள். சாலைப் பக்கமாக அவரும், உள் பக்கமாக அவளுமாக நடந்து வந்தார்கள். அவளை உள்ளே விட்டுக் கதவுப் பலகைகளை எல்லாம் சாத்தினார். வழியில் வந்தவனிடம் சொல்லி அவளுடைய அம்மா இராஜம்மாவை அழைத்துவரச் செய்தார். மழை பிடித்துக்கொண்டது. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நனைந்தபடி நின்றார். உள்ளே அவள் குரல் எழும்பியபோது, காதில் விழக் கூடாதென்று உரக்க இருமினார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயம் தனக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் நினைத்தார்.

பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்த தங்கராஜு, சாத்திய கடையைப் பார்த்து நின்றான். இராஜம்மாவும் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தாள். கதவு திறந்தது. லீலாவதியின் கண் வீங்கியிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உடையப்பனின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். அவர் கேட்கவில்லை. கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலாவது, ஒண்ணுண்ணே," என்றாள் அவளாகவே.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

"ஒண்ணா?" தங்கராஜு காதிலிருந்த பென்சிலை எடுத்தான். "மத்த மூணு என்னா?"

உடையப்பன் அந்தப் பென்சிலைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார்.