ரமாபாய் விதி

மகனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ரமாபாய் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் அவள் தம்பி அப்பாவு, அஞ்சலி போஸ்டர் அடிக்கும் கடைக்காரனோடு போனில் கத்திக்கொண்டிருந்தார்.

“பேரு அறிவு. அதுக்குக் கீழ, காட்டுப்பள்ளி துறைமுக ஊழியர்னு போடு. பெருசா போடு.”

“நிறுத்துடா,” என்றாள் ரமாபாய். “எழுத்தாளர்னு போடச் சொல்லு.”

“இன்னா எழுதிட்டான் யக்கா? மொட்ட மாடில பசங்கள உக்கார வெச்சி டைஸ் உருட்டுனதையா? பாக்கறவன் சூதாட்டம்னுவான்.”

“பொஸ்தகம் போட்டவன்டா எம்புள்ள. வண்ணாரப்பேட்டைல அச்சடிச்சி.”

உண்மைதான். ஒருவன் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, நினைத்தது நடக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் வெளிநாட்டு ஆட்டம் அது. அதிலிருந்த கோட்டையும் டிராகனும் அறிவுக்கு ஒத்துவரவில்லை. கண்டெய்னர் யார்டுக்கும் டோல்கேட் நெரிசலுக்கும் தானே விதி எழுதினான். அதைப் புத்தகமாகவும் போட்டான். மதுரையில்கூட அதை வைத்து ஆடுகிறார்களாம். அதைச் சொல்லும்போதெல்லாம் ரமாபாயின் கழுத்து நிமிரும். காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்காமலே போன இந்தக் காலையிலும் நிமிர்ந்தது.

மாலையோடு வந்த டெபோரா, சண்டையைக் கேட்டபடி வாசலிலேயே நின்றாள். வாராவாரம் அறிவோடு ஆட ராயபுரத்திலிருந்து வருகிறவள்.

“இதுக்கு ஒரு விதி கீது மாமா.”

“சாவு வூட்ல இன்னாம்மா விதி?”

“அம்மா போட்டதுதான். செத்தவங்க யாருன்னு அவங்களேதான் சொல்லணும்.”

ரமாபாய் நிமிர்ந்து பார்த்தாள். ஒருநாள் ஆட்டத்தில் டெபோரா வேஷம் எடுத்திருந்த பெண் செத்துப்போனாள். ‘பயந்து ஓடிச் செத்தா’ என்று பையன்கள் சிரிக்க, டெபோரா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வடாம் காயவைக்கப் போன ரமாபாய்தான் அவர்களைப் பிடித்துத் திட்டினாள்: ‘செத்தவ யாருன்னு நீங்க இன்னாடா சொல்றது? அவளே சொல்லட்டும்.’ அறிவு அதை அப்படியே புத்தகத்தில் சேர்த்தான், ரமாபாய் விதி என்று பேர் வைத்து.

“மதுரைப் பசங்க எங்கிட்ட கேட்டாங்கம்மா, ரமாபாய் யாரு, பெரிய ஆளான்னு.”

“நீ இன்னா சொன்ன?”

“ரொம்பப் பெரிய ஆளு, வடாம் போடுவாங்கன்னேன்.”

ரமாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சரிம்மா, அவனே சொல்லணும். இப்ப எப்படிச் சொல்லுவான்?” என்றார் அப்பாவு. குரல் இறங்கியிருந்தது.

“அண்ணன் அப்பவே சொல்ட்டாரு மாமா.”

டெபோரா பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பினாள். எழுதியவர் யார் என்று அச்சகத்தில் கேட்டதற்கு அவன் கொடுத்த வரி அதில் இருந்தது: ‘அறிவு, வியாசர்பாடி. ஆட்டம் நடத்துறவன்.’

எழுத்தாளரும் இல்லை, ஊழியரும் இல்லை. ரமாபாய் மகன் முகத்தைப் பார்த்தாள். எழுத்தாளர் என்ற சொல்லைக் கைவிட மனசே வரவில்லை. ஆனால் விதி போட்டவள் அவள்.

“அதையே போடச் சொல்லு அப்பாவு.”

“தெருவே சிரிக்கும் யக்கா.”

“சிரிக்கட்டும். இன்னா ஆட்டம்னு கேட்டா நான் சொல்றேன்.”

மத்தியானம் கீழே மேளம் அடிக்கத் தொடங்கியபோது, படிக்கட்டுச் சுவரில் போஸ்டர் ஈரமாக இருந்தது. காற்றில் ஒரு மூலை உரிந்து படபடத்தது. ரமாபாய் அதை உள்ளங்கையால் அழுத்தினாள். ஒட்டிக்கொண்ட பிறகும் கையை எடுக்கவில்லை.