உருளையை நிறுத்திய குரல்

சலவை ஆலையில் ஓடிக்கொண்டிருந்த நீராவி உருளையைத் தன் வாயாலேயே நிறுத்தியதாக அவள் சொன்னாள். லாரி நீளத்துக்கு இருக்கும் இயந்திரம் அது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் ஈர விரிப்புகளை ஒரு பக்கம் விழுங்கி, மறுபக்கம் காகிதம்போல் துப்பும். அது போடும் இரைச்சலில் இடி விழுந்தாலும் யாரோ தும்மியதாகத்தான் தோன்றும். அதையும் மீறி அவள் குரல் நாற்பதடி போய், சுவிட்சருகே காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஃபிட்டரை எழுப்பி நிறுத்தியதாம். ஃபிட்டர் அவளுடைய புருஷன்.

சலவை ஆலையே சிரித்தது. அவனும் சேர்ந்துகொண்டான். "இருபது வருஷமா வீட்டுக்குள்ள இவ கத்துறதே எனக்குக் கேக்கல. அன்னிக்கு மட்டும் கேட்டுச்சாக்கும்." எண்ணெய் விடத்தான் நிறுத்தினேன் என்பது அவன் கட்சி.

குரல் விஷயத்தில் அவள் பொய் சொல்பவளல்ல. சபைப் பாடகர் குழுவில் அவள் முதல் வரியை எடுத்தபோது ஜன்னல் கண்ணாடிகள் ஆமென் சொல்லின. கூட முப்பது பேர் பாடுவதே யாருக்கும் தெரியவில்லை. குழுத் தலைவர் அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார், பிறகு வாசலுக்கு, அப்புறம் வண்டி நிறுத்துமிடத்துக்கு. ஒவ்வொருவருக்கும் ஆண்டவர் ஓர் அழைப்பு வைத்திருக்கிறார் என்று போதகர் சொல்லும்போதெல்லாம் அவள் முழங்காலில் நின்று சண்டை போடுவாள்: புல்லாங்குழல் கேட்டேன், ஆலைச் சங்கைக் கொடுத்தீர், இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். சும்மா சும்மா நிற்கிறதென்று மேலாளர் அதை இறுக்கிக் கட்டச் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்று எதிரே விரிப்பைச் செருகிக்கொண்டிருந்த நாத்தனாரின் வலது கை விரிப்போடு உள்ளே போனது. அவளுக்கு அலறக்கூட மூச்சு வரவில்லை. அவளுக்கும் சேர்த்து இவள் கத்தினாள். உருளை மணிக்கட்டோடு நின்றது.

தடுப்புக் கம்பிதான் நிறுத்தியது, கம்பி நன்றாகவே இருக்கிறது, தப்பு அந்தப் பெண்ணுடையது என்றார் மேலாளர். அப்படியானால் வைத்தியமும் கிடையாது, வேலையும் கிடையாது. நாத்தனாருக்கு இரண்டு பிள்ளைகள், வேறு ஆளில்லை.

ஒரே தடவை கத்திவிட்டு அடங்கவா இவ்வளவு பெரிய தொண்டை? மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் பெஞ்சின்மேல் ஏறி நடந்ததைச் சொன்னாள். மூன்று தெரு தள்ளி வேலை செய்தவர்கள் தட்டை வைத்துவிட்டுக் கேட்டார்கள். மேலாளர் போதகரை வரவழைத்தார். சபையின் ஒலிபெருக்கி ஆலை கொடுத்தது. பொறுமையாக இரு மகளே என்றார் போதகர்.

"அழைப்பு வரும் வரும்னு நீங்கதான ஐயா சொன்னீங்க," என்றாள். "வந்திருச்சு. இப்ப வாய மூடுன்னா எப்படி?"

வீட்டில் புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "கம்பியக் கட்டினது நான்டி. சொன்னா என்னைத்தான் பிடிச்சு உள்ள போடுவான்."

"உள்ள போனது உங்க தங்கச்சி கைங்க."

பன்னிரண்டாம் நாள் அவளையும் புருஷனையும் நாத்தனாரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். 'என் கவனக்குறைவே காரணம்' என்று தட்டச்சு செய்த காகிதம் மேசையில் தயாராக இருந்தது. நாத்தனார் பள்ளி இறுதிவரை படித்தவள். பேனா பிடிக்கத்தான் கை இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவை ஆலை பார்த்துக்கொள்ளும் என்று மேலாளர் வாயால் சொன்னார். மை அட்டை வந்தது. மேஸ்திரி அவள் இடது கட்டைவிரலைப் பிடித்து ஒத்தி எடுத்தான். அவள் குரல் கொடுத்து அழவில்லை. இவளும் அன்று கத்தவில்லை, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாட்சிக் கையெழுத்துப் போடுப்பா," என்று மேலாளர் காகிதத்தை ஃபிட்டர் பக்கம் தள்ளினார்.

கண்ணாடிக்கு அப்பால் உருளை ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனாரின் இடத்தில் வேறொருத்தி நின்று விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். கம்பி கட்டியபடியே இருந்தது. இங்கே, மையைத் துடைக்க இன்னொரு கை இல்லாமல், தங்கை கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

ஃபிட்டர் பேனாவை வைத்தான். "கம்பி நிறுத்தல சார். நீங்க சொல்லி அத நான்தான் கட்டினேன். இவ கத்தினா. எனக்குக் கேட்டுச்சு."